உன்னிச்சைக் காட்டில் கண்டது வல்லூறா, வேறேதுமா?

பறவை பார்க்கும் அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்துக்கு அப்பால், பாலை, வீரை மரங்கள் நெருக்கமாக நிற்கும் காட்டோரத்தில் பார்த்த பறவை இது. படம் நிழலில் எடுத்தது, கொஞ்சம் மங்கல்தான். அதனால் கண்ணால் கண்டதையும் எழுதுகிறேன்.

அளவு கிட்டத்தட்டக் காகம். முதுகு மண்ணிறம். வெள்ளைத் தொண்டையின் நடுவே தடித்த கறுப்புக் கோடு ஒன்று. நெஞ்சில் மேலிருந்து கீழாகக் கீற்றுகள், வயிற்றிலோ குறுக்குப் பட்டைகள். வாலிலும் அகலமான பட்டைகள். மஞ்சள் கால்களில் இறகு இல்லை. பிடரியில் சின்னக் குடுமி, காற்றடித்தபோதுதான் தெரிந்தது. கிளைக்குள் அசையாமல் இருந்துவிட்டு, குட்டையான அகன்ற சிறகுகளை அடித்து மரங்களுக்கிடையே நுழைந்து போய்விட்டது.

கோழிக்குஞ்சு தூக்க வரும் வல்லூறை எங்கள் வளவிலேயே வடிவாகப் பார்த்திருக்கிறேன். அது இதைவிடச் சிறிது, தொண்டைக்கோடும் மெல்லியது. ஆனால் இளம் வல்லூறுக்கும் நெஞ்சில் கீற்றுகள் இருக்கும், அங்கேதான் குழப்பம். குடுமிப் பருந்து என்று சொல்லிவிடாதீர்கள். அது இன்னும் பெரியது, அதன் கால்களை விரல் வரை இறகு மூடியிருக்கும்.

என் ஊகம் கிரெஸ்டட் கோஷாக் (Crested Goshawk), வல்லூறு போன்ற, குடுமியுள்ள வேட்டைப் பறவை. சரிதானா? குடும்பிமலை, இங்கினியாகலைப் பக்கம் இதைக் கண்டவர்கள் இருந்தால் குரல் எப்படி என்றும் சொல்லுங்கள். தெளிவான படம் இருந்தால் இன்னும் நல்லது. கூடு தெரிந்தவர்கள் மட்டும் இடத்தைப் பொதுவில் போட வேண்டாம், குஞ்சு பிடிக்கிறவர்களும் இதையெல்லாம் வாசிக்கிறார்கள்.