சூடான பிறகு மட்டும் ட்ரிப்: எலிமெண்டை மாற்றுவதா, அளந்து பார்ப்பதா?

மாலைஷிப்ட்: எங்கள் கன்வேயர் ஓவன் சிங்கிள் ஃபேஸ், 230 வோல்ட். மேலே இரண்டு, கீழே இரண்டு என 1500 வாட் எலிமெண்ட் நான்கு. ஆன் செய்தால் ஒழுங்காகச் சூடாகிறது, பெல்ட்டும் ஓடுகிறது. ஏறக்குறைய 25 நிமிடம் ஆனதும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் சப்ளையை வெட்டும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டு ஆன் செய்தால் மறுபடி விழாமல் நிற்கும். மல்டிமீட்டரில் எல்லா எலிமெண்டும் 35 ஓம், பாடியோடு தொடர்பு எதுவும் காட்டவில்லை. எங்கே தேடுவது?

பழையஃபிட்டர்: நான்கையும் மாற்றிவிடுங்கள். சூடானதும் விழுகிறது என்றால் நான் பார்த்தவரை எலிமெண்ட்தான். ஒன்று போனால் மற்றவையும் பின்னாலேயே வரும். நான்கு முறை பிரிப்பதைவிட ஒரே முறை பிரிப்பது மேல்.

மீட்டர்காரன்: 35 ஓம் கணக்குப்படி சரி. அதனால் உள்ளே கம்பி அறுபடவில்லை என்பது மட்டும் தெரியும். கசிவு பற்றி அது எதுவும் சொல்லாது. மல்டிமீட்டர் ஓம் பார்ப்பது சின்ன பேட்டரியை வைத்து. இதற்கு 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் வேண்டும்.

எலிமெண்ட் குழாய்க்குள் இருப்பது மெக்னீசியம் ஆக்சைடு பொடி. அது ஈரத்தை இழுக்கும். பல நாள் சும்மா கிடந்த ஓவன் ஆன் செய்ததுமே விழும், சூடேறி ஈரம் காய்ந்தால் சரியாகும். உங்களுடையது நேர் தலைகீழ், அதனால் ஈரம் இல்லை. சூட்டில் அந்தப் பொடியின் இன்சுலேஷன் இறங்கும், பழசானால் இன்னும் இறங்கும். நானும் எலிமெண்டைத்தான் சந்தேகிக்கிறேன். ஆனால் எது என்று அளக்காமல் ஒன்றைக்கூட வாங்க மாட்டேன்.

பழையஃபிட்டர்: அப்புறம் என்ன சண்டை? இரண்டு பேரும் எலிமெண்ட் என்றுதானே சொல்கிறோம்?

மீட்டர்காரன்: இல்லை. 30 என்று எழுதிய ஆர்சிசிபி 15-க்கு மேல் எந்த அளவிலும் விழலாம். நான்கும் சூட்டில் ஆளுக்கு 4 மில்லிஆம்பியர் கசியவிட்டாலே 16. அப்படியானால் எந்த எலிமெண்டும் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. மேல் ஜோடிக்கு ஒன்று, கீழ் ஜோடிக்கு ஒன்று என ஆர்சிசிபியைப் பிரித்தாலே போதும்.

அவசரக்காரன்: எதற்கு இவ்வளவு? 100 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போடுங்கள். இல்லையென்றால் எர்த் வயரைக் கழற்றிவிடுங்கள், விழாது.

பழையஃபிட்டர்: தம்பி, எர்த்தைக் கழற்றினால் கசிவு நிற்காது. போக வழியில்லாமல் பாடியிலேயே உட்கார்ந்திருக்கும், தொடுகிறவன் உடம்புதான் அதற்கு வழி. 100 என்பது தீப்பிடிக்காமல் இருக்க வைப்பது, ஆளைக் காப்பாற்றாது. இந்த விஷயத்தில் நானும் மீட்டர்காரரும் ஒரே கட்சி.

மீட்டர்காரன்: ஆமாம்.

மாலைஷிப்ட், மில்லிஆம்பியர் காட்டும் லீக்கேஜ் கிளாம்ப் மீட்டர் ஒன்று தேடுங்கள். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வளையத்துக்குள் விடுங்கள். போகிற கரண்டும் வருகிற கரண்டும் கழிந்து கசிவு மட்டும் தெரியும். எர்த் வயரை மட்டும் அளந்து ஏமாறாதீர்கள், ஓவன் நிற்கும் இரும்பு மேசை வழியாகவும் கொஞ்சம் போகலாம். முதலில் மொத்தம், பிறகு ஒவ்வொரு எலிமெண்டின் ஜோடி வயர். மூடியைத் திறப்பதும் கிளாம்ப்பை மாட்டுவதும் சப்ளையை அணைத்துப் பூட்டிய பிறகுதான். ஆறிய ஓவனை அளந்து பயனில்லை, விழப்போகும் நேரத்து அளவுதான் வேண்டும்.

மாலைஷிப்ட்: இரண்டு நாள் கழித்து வருகிறேன். ஆன் செய்ததும் மொத்தக் கசிவு 3 மில்லிஆம்பியர். இருபதாவது நிமிடத்தில் 19. விழும் முன் 24. அதில் மேல் ஜோடி 4, கீழ் முன்பக்கம் 3, கீழ் பின்பக்கம் மட்டும் 17!

அந்த எலிமெண்டைக் கழற்றப் போனால், அதற்கு வரும் வயரில் ஒரு சாண் நீளத்துக்கு யாரோ சாதாரண பிவிசி வயரை ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். தகட்டுத் துளையின் விளிம்பில் அது இளகி நசுங்கி, செம்புக்கும் தகட்டுக்கும் நடுவில் மெல்லிய கருகல்தான் மிச்சம். கண்ணாடி இழை உறை போட்ட வயர், வயர் முனைக்கு நிக்கல் பூசிய லக், துளைக்கு ஒரு பீங்கான் புஷ் போட்டேன். ஒரு மணி நேரம் ஓடியும் மொத்தம் 10-ஐத் தாண்டவில்லை. எலிமெண்ட் நான்கும் பழையவையே.

பழையஃபிட்டர்: நல்லது. நான் சொன்னபடி எலிமெண்டை மாற்றியிருந்தாலும் அந்த வயர் கண்ணில் பட்டிருக்கும்.

மீட்டர்காரன்: பட்டிருக்கலாம். புது எலிமெண்டை அதே வயரில் மாட்டி மூடியிருக்கவும் கூடும். முன்பு பிவிசி ஒட்டுப் போட்டவரும் எலிமெண்ட் மாற்ற வந்தவராகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. சரி, நானும் எலிமெண்ட் என்றுதான் நினைத்தேன், தப்பு. ஆனால் அந்த 10 எனக்கு உறுத்துகிறது. அணைத்ததும் சூடு ஆறுவதற்குள் எலிமெண்ட் வயர்களைக் கழற்றி மெகரில் ஒருமுறை பாருங்களேன்.

பழையஃபிட்டர்: ஓடுகிற ஓவனை விடுங்க ஐயா!