ஒல்லியான உடம்பில் சர்க்கரையும் கொழுப்பும் எப்படி ஏறுகின்றன?

தெற்குவாசல்காரன் கேட்டது:
அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41, உயரம் 170 செ.மீ., எடை 64 கிலோ. புகையும் மதுவும் பழக்கமில்லை. சென்ற வாரம் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.0, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒருவகைக் கொழுப்பு) 214, எச்டிஎல் (நல்ல கொழுப்பு) 34, எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 116 என்று வந்திருக்கிறது. என்னைப் போலவே மெலிந்திருந்த அப்பா, 52 வயதில் மாரடைப்பால் இறந்தார். "ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பவனுக்குச் சர்க்கரையா?" என்று அத்தை சிரிக்கிறார். மருத்துவரோ நடக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். காரணம் கேட்க நேரம் வாய்க்கவில்லை. பருமனானவர்களுக்கு வருவதாகச் சொல்லப்படும் இந்தக் கோளாறு எனக்கு எந்த வழியாக வந்தது?

மருந்தியல் மாணவி:
ஐயா, எடைக்கருவி கொழுப்பின் அளவையும் காட்டாது, அது தங்கியிருக்கும் இடத்தையும் காட்டாது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கின் ஆகிய இருவரும் தங்கள் படத்தையே 2004இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீடு (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண்) 22.3 தான், ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. உங்கள் குறியீடு ஏறக்குறைய 22 என்பதால், அந்தப் படத்தில் நீங்கள் மூன்றாவதாக நிற்கலாம்.

தோலுக்கடியில் உள்ள கொழுப்புத் திசு ஓரளவுக்குத்தான் சேமிக்கும். தெற்காசியர் பலருக்கு அந்த இடம் விரைவில் நிரம்பிவிடுவதால், மிச்சம் வயிற்றின் உட்பகுதியிலும் கல்லீரலிலும் படிகிறது. கொழுப்பேறிய கல்லீரல், குளுக்கோசை வெளிவிடாதே என்னும் இன்சுலினின் கட்டளைக்குச் செவிசாய்ப்பதில்லை. ஆனால் கொழுப்பைத் தயாரி என்னும் கட்டளைக்கு மட்டும் தொடர்ந்து பணிகிறது. அதனால்தான் உங்கள் சீட்டில் சர்க்கரையும் டிரைகிளிசரைடும் சேர்ந்தே ஏறியிருக்கின்றன. ரத்தத்தில் மிகுந்த டிரைகிளிசரைடு எச்டிஎல் துகள்களுக்குள்ளும் புகுந்து அவற்றை விரைவில் சிதைய வைப்பதால், எச்டிஎல் 34க்கு இறங்கியிருக்கலாம்.

வயலூரான்:
இவ்வளவு விளக்கம் எதற்கு? எல்லாம் வெள்ளைச் சோறு செய்யும் வேலை.

மருந்தியல் மாணவி:
மிகுதியான மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுவது உண்மைதான். ஆயினும் இன்சுலின் தூண்டுதலால் உறிஞ்சப்படும் குளுக்கோசில் பெரும்பங்கு தசைக்கே போகிறது என்பதால், அதே சோற்றைத் தசை வலுவுள்ளவரும் தசை குன்றியவரும் ஒன்றுபோல் கையாள முடியாது. இந்த வேறுபாட்டின் தொடக்கம் கருவறையிலேயே இருக்கக்கூடும். புனே வட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கோ 3.5 கிலோ, எடையில் இவ்வளவு பின்தங்கியும், தோலடிக் கொழுப்பில் புனேக் குழந்தைகள் அந்த அளவுக்குப் பின்தங்கவில்லை.

தெற்குவாசல்காரன்:
மிக்க நன்றி அம்மா. என் கால்சட்டை அளவு 32 அங்குலம் என்பதால் தொப்பை இல்லை என்றே நம்பியிருந்தேன். அப்பாவின் மாரடைப்புக்கும் இதுவேதான் காரணமா?

ஓய்வுபெற்ற ஆய்வகர்:
தம்பி, கால்சட்டையைத் தொப்பைக்குக் கீழே அணிகிறோம், அதை நம்பாதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் நாடாவைச் சுற்றிப் பாருங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை.

அப்பாவுக்கு நேர்ந்ததை இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் 55 வயதுக்குள் தந்தைக்கு மாரடைப்பு வந்த குடும்பத்தில் லிப்போபுரோட்டீன் ஏ சோதனையை ஒருமுறை செய்துவிடுவது நல்லது. எல்டிஎல் போன்ற துகளோடு இன்னொரு புரதம் ஒட்டியிருக்கும் இதனை 1963இல் நார்வேயின் கோரே பெர்க் கண்டறிந்தார். இதன் அளவைப் பெரும்பாலும் ஒரே மரபணுதான் நிர்ணயிக்கிறது. பத்தியமோ நடையோ அதைப் பெரிதாகக் குறைப்பதில்லை. வழக்கமான கொழுப்புப் பரிசோதனையில் இது தனியாக வராது என்பதால் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து கூடுதல் எனக் கொள்வார்கள். அப்படி வந்தால், மருத்துவர் எல்டிஎல்லை இன்னும் கீழே இறக்க முயல்வார்.

கூடவே, எல்டிஎல் போன்ற துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் அபோ பி என்ற புரதத்தின் சோதனையையும் கேளுங்கள். டிரைகிளிசரைடு மிகுந்தவர்களுக்கு எல்டிஎல் துகள்கள் சிறுத்து எண்ணிக்கையில் பெருகியிருக்கும். 116 என்ற உங்கள் எண் அந்தக் கூட்டத்தை மறைத்திருக்கலாம்.

தெற்குவாசல்காரன்:
நாடா 94 செ.மீ. காட்டுகிறது ஐயா. இரண்டு சோதனைகளையும் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்கிறேன், என் தம்பிக்கும் சேர்த்து.