உறவுக்கு அப்புறம் ரெண்டு நாள் அடிவயிறு வலி, கர்ப்பப்பை வாய்ல அடி பட்டிருக்குமா?

குடியாத்தம்_பொண்ணு:
அக்காங்களா தப்பா எடுத்துக்காதீங்க, நேர்ல யார்கிட்டயும் கேக்க முடியல அதான் இங்க வந்தேன். எனக்கு 27 வயசு, பாப்பாவுக்கு 11 மாசம், சுகப்பிரசவம் தான், இன்னும் பால் குடுத்துனு தான் இருக்கேன், பீரியட்ஸ் ரெண்டு மாசமா தான் திரும்ப வருது. வீட்டுக்காரர் ராணிப்பேட்டை சிப்காட்ல ஷிப்ட்டுக்கு போறாரு, நாங்க ஒண்ணா இருக்கறது ஞாயித்துக்கிழம மட்டும், அதுவும் மாமியார் பாப்பாவ தூக்கினு கோயிலுக்கு போற அந்த அரை மணி நேரம், எப்ப கதவ தட்டுவாங்களோன்னு என் காது அங்கயே இருக்கும். கொஞ்ச நாளா உள்ள ஆழத்துல எதுலயோ போய் இடிக்கற மாதிரி சுருக்குன்னு ஒரு வலி, அப்புறம் ரெண்டு நாளைக்கு அடிவயிறும் இடுப்பும் இழுத்து புடிக்குது, போன வாரம் லேசா ரத்தக்கறை கூட பட்டுச்சு. பக்கத்து வீட்டு அக்காகிட்ட அடிவயிறு வலின்னு மட்டும் தான் சொன்னேன், உடனே "கர்ப்பப்பை எறங்கியிருக்கும், ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா தொல்ல விட்டுச்சு"ன்னுட்டாங்க. அன்னிலருந்து தூக்கமே இல்ல. அவருகிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவாருன்னு பல்ல கடிச்சுகினு இருந்துடறேன். இது இன்னா?

காட்பாடி_நர்ஸம்மா:
மொதல்ல அந்த அக்கா பேச்ச விடும்மா. 30 வருஷம் பிரசவ வார்டுல இருந்தவ சொல்றேன். கர்ப்பப்பை எறங்குனா கீழ ஏதோ வந்து நிக்கற மாதிரி இருக்கும், பாரமா இருக்கும், இருமுனா மூத்திரம் கசியும், நீ சொல்றது அது மாதிரி தெரியல. வலின்ன உடனே கர்ப்பப்பைய எடுக்க சொல்ற பழக்கம் நம்ம பக்கம் என்னிக்கு ஒழியுமோ.

பொறப்புறுப்பு பாதையோட கடைசில தான் கர்ப்பப்பை வாய் இருக்கு, விரல்ல தொட்டா மூக்கு நுனி மாதிரி கெட்டியா இருக்கும். சாதாரண நேரத்துல அந்த பாதை சுமாரா 7, 8 சென்டிமீட்டர் தான், ஆளுக்கு ஆள் மாறும். மனசும் உடம்பும் தயாரானா பாதை நீளும், கர்ப்பப்பை மேல தூக்கிக்கும், எடம் கெடைக்கும். அரை மணி நேரத்துல கதவுப்பக்கம் காத வச்சுகினு இருந்தா எங்கேர்ந்து தயாராகறது? நேரா போய் முட்டும், கன்னிப் போகும், அப்புறம் ரெண்டு மூணு நாள் பீரியட்ஸ் வலி மாதிரி வலிக்கும். இன்னொண்ணு, பால் குடுக்கறப்போ ஈஸ்ட்ரோஜன்ற ஹார்மோன் கொறையும், நம்ம பாலாறு மாதிரி உள்ள காஞ்சு கெடக்கும். உன் மேல தப்பு இல்ல, அவரு மேலயும் இல்ல.

மெடிக்கல்ல வழவழப்புக்கு தடவற, தண்ணில செஞ்ச ஜெல் (வாட்டர் பேஸ்டு) கேட்டு வாங்கு. தேங்கா எண்ணெய் நல்லது தான், ஆனா ஆணுறை போடறவங்களா இருந்தா தொடாத, ரப்பர் பிஞ்சிரும். பீரியட்ஸ் சமயத்துல கர்ப்பப்பை வாய் கொஞ்சம் கீழ இருக்கும், நடுவுல கருமுட்டை வர்ற நாள்ல மேல போகும், அதனால எந்த நாள்ல வலிக்குதுன்னு காலண்டர்ல குறிச்சு வை. மூத்திரம் போய்ட்டு வா, மலச்சிக்கல் இருந்தா அதுக்கும் வழி பாரு, அதுவும் உள்ள அழுத்தும். வலி அடங்கற வரைக்கும் ஒரு வாரம் சும்மா விடு, வெந்நீர் பை வச்சுக்கோ.

ஆனா ரத்தம் பட்டுச்சுன்னு சொன்ன பாரு, அதுக்கு கண்டிப்பா போய் காட்டணும். அடிதான்னு நாம பாக்காம முடிவு பண்ணக்கூடாது, புண்ணு, தொற்று எதுவா வேணா இருக்கலாம். ஜுரம், நாத்தமா வெள்ளப்படுதல், இல்ல நாள் தள்ளிப்போய் ஒரு பக்கமா கொல்ற வலின்னா அன்னிக்கே ஓடணும், கர்ப்பம் கருக்குழாய்ல தங்கியிருந்தா உயிருக்கே ஆபத்து.

ஆம்பூர்காரன்:
ஆம்பளைங்க இங்க பேசலாமான்னு தெரியல, இருந்தாலும் சொல்லிடறேன். எங்க வீட்டுலயும் இதே கத தான், ஒண்ணரை வருஷம் கழிச்சு தான் வலிக்குதுன்னே சொன்னா. எனக்கு செம அவமானமா போச்சு, அவ வலியில இருந்துனு சும்மா இருந்திருக்கா நான் சந்தோஷமா இருக்கான்னு நெனச்சுனு இருந்திருக்கேன். தங்கச்சி, சொல்லாம இருந்தா தான் அவருக்கு கஷ்டம். கால தூக்கி வச்சுக்கறது, பின்பக்கமா இருந்து, இது ரெண்டும் தான் ரொம்ப ஆழமா போகும், அத விட்டுட்டோம். நீங்க மேல இருந்தா எவ்ளோ போகணும்னு உங்க கையில, இல்லன்னா ஒருக்களிச்சு படுத்து, கால நீட்டி சேத்து வச்சுக்கலாம். மொத பத்து பதினஞ்சு நிமிஷம் அவசரமே படக்கூடாது. வலிச்சா என் தோள ரெண்டு தட்டு தட்டுவா, நிறுத்திடணும், அது தான் எங்க ரூல்.

வாலாஜா_வசு:
நர்ஸம்மா சொன்னது கரெக்ட், ஆனா எல்லாத்தையும் ஜெல்லுலயும் பொறுமையிலயும் விட்டுடாதீங்க. எனக்கு "புதுசா கல்யாணம் ஆனா அப்டி தான்"னு சொல்லியே ரெண்டு வருஷம் ஓடுச்சு. பீரியட்ஸ்ல சுருண்டு படுத்துடுவேன், டாய்லெட் போறப்ப கூட வலிக்கும். கடைசில ஸ்கேன்ல பாத்தா சூலகத்துல சாக்லேட் சிஸ்ட், அதாவது பழைய ரத்தம் சேந்த கட்டி, எண்டோமெட்ரியோசிஸ்னாங்க, கர்ப்பப்பை உள்பக்க சவ்வு மாதிரி திசு வெளிய வளர்ற வியாதி அது. எவ்ளோ பாத்து பாத்து இருந்தாலும் வலி வருதுன்னா உள்ள வேற ஏதாவது இருக்கலாம். கர்ப்பப்பை பின்னால சாஞ்சிருந்தாலும் இடிக்குமாம், அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு அப்டி தானாம், அது வியாதி இல்லன்னு என் டாக்டரம்மா சொன்னாங்க. போறப்ப "அடிவயிறு வலி"ன்னு மழுப்பாதீங்க, "உறவு வச்சா ஆழத்துல வலிக்குது, ரத்தம் பட்டுச்சு"ன்னு நேரா சொல்லுங்க, இல்லன்னா கேஸ் ட்ரபிள் மாத்திரை குடுத்து அனுப்பிடுவாங்க.

குடியாத்தம்_பொண்ணு:
நேத்து நைட்டு ஷிப்ட்டு முடிஞ்சு வந்தவரு கிட்ட சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "ஏன்டி சொல்லல"ன்னு கண்ணு கலங்கிடுச்சு. வியாழக்கெழம லீவு போட்டு கூட வரேன்னு இருக்காரு. அடுக்கம்பாறை பெரியாஸ்பத்திரிக்கே போகணுமா இல்ல பக்கத்துல ஆரம்ப சுகாதார நிலையம், அந்த பிஹெச்சில பாப்பாங்களா?

காட்பாடி_நர்ஸம்மா:
பிஹெச்சிலயே மொதல்ல காட்டும்மா, தேவைப்பட்டா அவங்களே எழுதி அனுப்புவாங்க. 30 தாண்டுனவங்களுக்கு அங்கயே கர்ப்பப்பை வாய் புற்றுநோய் சோதன இலவசமா பண்றாங்க, வினிகர் மாதிரி ஒண்ண தடவி வெள்ளையா மாறுதான்னு பாப்பாங்க, நிமிஷத்துல முடிஞ்சிடும். உனக்கு வயசு ஆகல, ஆனா ரத்தம் பட்டதுக்கு எந்த வயசுலயும் உள்ள பாக்கணும். மாமியாரையும் கூட கூட்டினு போ, அவங்க இதுவர பண்ணியிருக்க மாட்டாங்க.

குடியாத்தம்_பொண்ணு:
அவங்கள எப்டி கூப்புடறதுன்னு தான் தெரியல நர்ஸம்மா. இருங்க, பாப்பாவ தூக்கினு கதவ தட்றாங்க, அப்புறம் வரேன்.