பாமினியும் யுனிகோடும் கலந்த நாவல்: பந்தி உள்தள்ளலும் வரி இடைவெளியும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறுகின்றன

கேள்வி (நல்லூர், நாவலாசிரியை)

வணக்கம். என் நாவலின் கைப்பிரதியை யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்றுக்குக் கொடுக்க ஆயத்தப்படுத்தி வருகிறேன். அத்தியாயங்களை, நீண்ட ஆக்கங்களை எழுத உதவும் மென்பொருளான ஸ்கிரிவ்னரில் வைத்திருக்கிறேன். அவற்றை வேர்ட் கோப்பாகத் தொகுத்து, லிப்ரே ஒபிஸ் ரைட்டரில் திறந்து சரிபார்க்கிறேன். நாவலின் முற்பகுதி பல ஆண்டுகளுக்கு முன்னர் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டது. பிற்பகுதி, ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொது முறையான யுனிகோடில் எழுதப்பட்டது.

முற்பகுதியில் வரிகள் நெருங்கியும் பிற்பகுதியில் விலகியும் நிற்கின்றன. எல்லாவற்றையும் தெரிவுசெய்து வரி இடைவெளியை 1.5 என மாற்றிய பின்னரும் வேறுபாடு அப்படியே இருக்கிறது. பிற்பகுதியில் ஆங்கிலச் சொல் வரும் வரி மட்டும் அடுத்த வரியிலிருந்து சற்று விலகித் தெரிகிறது. பந்தித் தொடக்கத்தின் உள்தள்ளல் ஓரிடத்தில் அகலமாகவும் ஓரிடத்தில் ஒடுக்கமாகவும் வருகிறது. இவை போதாதென்று, ஸ்கிரிவ்னரில் வேறொரு தொகுப்பு வடிவத்தைத் தெரிவுசெய்தபோது முற்பகுதி முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறிவிட்டது. எதை முதலில் திருத்த வேண்டும் என்று அறிந்தவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி (கொக்குவில், பக்க வடிவமைப்பாளர்)

வணக்கம் அக்கா. நீங்கள் சொன்ன குறைகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து வருகின்றன. ஆகையால் இடைவெளியைத் தொடுவதற்கு முன்னர் பாமினிப் பகுதியை யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் அது நிலைக்காது.

பாமினியில் எழுதியது நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. அவற்றின் மேல் தமிழ் வடிவங்களை வரைந்து காட்டுவதுதான் அந்த எழுத்துருவின் வேலை. எழுத்துரு மாறியவுடன் உங்கள் முற்பகுதி ஆங்கிலக் குவியலானதற்குக் காரணம் அதுவே. எழுதியது அழிந்துவிடவில்லை, அஞ்ச வேண்டாம். ரைட்டரும் அப்பகுதியை ஆங்கிலமாகவே கருதி மேற்கத்திய எழுத்துரு அமைப்பை அதற்குக் கொடுக்கும். யுனிகோட் பகுதிக்கோ சிக்கலான எழுத்துமுறைகளுக்கென்று தனியாக உள்ள எழுத்துரு அமைப்பைக் கொடுக்கும். இரண்டு எழுத்துருக்களின் உயரமும் ஒன்றல்ல. 1.5 என்பது அந்தந்த எழுத்துருவின் உயரத்தைப் பெருக்கும் எண் மட்டுமே ஆதலால், உயரம் வேறுபட்டால் விடையும் வேறுபடும். ஆங்கிலச் சொல் உள்ள வரி விலகுவதும் இதே காரணத்தாலேயே: ஒரு வரியில் இரண்டு எழுத்துருக்கள் கலக்கும்போது உயரமானதற்கு ஏற்றபடி முழு வரியும் இடம் எடுத்துக்கொள்ளும்.

மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். பாமினிப் பகுதிக்குள் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால், எழுத்துரு மாற்றி மென்பொருள் அவற்றையும் பாமினி என்று எண்ணிப் பொருளற்ற தமிழாக்கிவிடும். அவற்றை முன்கூட்டியே குறித்து வைத்துப் பின்னர் கையால் திருத்துங்கள். நிறுத்தற்குறிகளையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்; பாமினியில் காற்புள்ளிக்கு ஆங்கிலக் காற்புள்ளி விசை பயன்படுவதில்லை, அந்த இடத்தில் 'இ' இருக்கிறது. சாய்வெழுத்தும் மாற்றியில் தொலைந்துபோகும் என்பதால் பழைய கோப்பின் பிரதி ஒன்றைத் தொடாமல் வைத்திருங்கள்.

அடுத்தது உள்தள்ளல். ரைட்டரில் கன்ட்ரோல் விசையுடன் எஃப் 10ஐ அழுத்தினால் மறைந்திருக்கும் குறிகள் எல்லாம் தெரியும். சில பந்திகளின் தொடக்கத்தில் இடைவெளி விசையால் இட்ட புள்ளிகளும் சிலவற்றில் டாப் விசையின் அம்புக்குறியும் இருக்குமென்று நினைக்கிறேன். அவை அனைத்தையும் நீக்குங்கள். பந்திகளுக்கு இடையே வெறும் என்டர் விசையால் உண்டான வெற்றுப் பந்திகளை, தேடி மாற்றும் பெட்டியில் ஒழுங்குத் தொடர்கள் (Regular expressions) என்ற தெரிவை இயக்கி, தேடும் இடத்தில் ^$ என்று இட்டு, மாற்றும் இடத்தை வெறுமையாக விட்டு அகற்றலாம். காட்சி முறிவுக்காக விட்ட வெற்று வரிகளும் இதில் போய்விடும். ஆகவே அவ்விடங்களில் முதலில் மூன்று உடுக்குறிகளை (***) இட்டுவிடுங்கள்.

இதன் பின்னரே பாணி, அதாவது எழுத்துரு, உள்தள்ளல், இடைவெளி ஆகியவற்றை ஒரே பெயரின் கீழ் சேமித்து வைக்கும் அமைப்பு. எஃப் 11ஐ அழுத்திப் பாணிப் பலகையைத் திறந்து, உடற்பகுதிக்கெனப் புதிய பந்திப் பாணி ஒன்றை உருவாக்குங்கள். முதல் வரி உள்தள்ளலை 0.5 சென்ரிமீற்றர் அளவிலும், பந்திக்கு மேலும் கீழும் உள்ள இடைவெளியைச் சுழியாகவும் வையுங்கள். வரி இடைவெளியைப் பெருக்கலாக வைக்காமல் நிலையான அளவாக வையுங்கள். 11 புள்ளி (pt) அளவுள்ள தமிழ் எழுத்துக்கு 17 புள்ளி என்று தொடங்கிப் பார்க்கலாம். நிலையான அளவில் ஆங்கிலச் சொல் வந்தாலும் வரி அசையாது. பின்னர் உடற்பகுதியைத் தெரிவுசெய்து, அதற்கு இந்தப் பாணியைக் கொடுத்து, கன்ட்ரோல் விசையுடன் எம் அழுத்தினால் பந்திகளின் மேல் நேரடியாக ஏற்றிய பழைய அமைப்புகள் நீங்கி, பாணி சொல்வது மட்டும் எஞ்சும். சாய்வெழுத்தும் அவற்றோடு நீங்கிவிடக்கூடும். அப்படியானால் பழைய கோப்பின் பிரதியைப் பார்த்து அதை மீண்டும் இட்டுவிடுங்கள்.

மறுமொழி (சாவகச்சேரி, ஸ்கிரிவ்னர் பாவிப்பவர்)

மேலே ஐயா கூறியதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஸ்கிரிவ்னர் பக்கத்தில் உள்ளதை மட்டும் சேர்க்கிறேன்.

ஸ்கிரிவ்னரில் எழுதும் திரையின் தோற்றமும் தொகுத்த கோப்பின் தோற்றமும் வேறு வேறு என்பதே அதன் அடிப்படை. நீங்கள் திரையில் எந்த எழுத்துருவில் எழுதினாலும், தொகுப்பு வடிவம் அதை மேலெழுதித் தனக்குரிய எழுத்துருவையும் இடைவெளியையும் கொடுக்க முடியும். கூரியர், டைம்ஸ் என்ற பெயரோடு வரும் கைப்பிரதி வடிவங்கள் ஆங்கிலப் பதிப்புலகத்தின் வழக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. அந்த எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் இல்லை; கணினி தானாக வேறொரு தமிழ் எழுத்துருவைத் தேடி இடும்போது வரி உயரமும் அதனோடு மாறிவிடுகிறது. ஆகவே தொகுப்பு வடிவத்தைப் பிரதியெடுத்து, அதைத் திருத்தும் சாளரத்தில் உடற்பகுதிக்கு உங்கள் தமிழ் எழுத்துருவை நேரடியாகக் கொடுங்கள். அல்லது உரையின் அமைப்பை மேலெழுதும் தெரிவை அணைத்துவிட்டு, திரையில் உள்ளதை அப்படியே அனுப்பச் செய்யுங்கள்.

இரண்டாவது வழியைத் தேர்ந்தால், எல்லா அத்தியாயங்களும் திரையிலும் ஒரே அமைப்பில் இருக்க வேண்டும். விருப்பத்தேர்வுகளில் எழுத்துருவையும் உள்தள்ளலையும் மாற்றினால் அது இனிமேல் உருவாக்கும் ஆவணங்களுக்கே பொருந்தும். ஏற்கெனவே உள்ளவற்றைத் தெரிவுசெய்து, ஆவணங்கள் பட்டியலின் கீழ் உள்ள மாற்று என்பதில், உரையை இயல்பான வடிவமைப்புக்கு மாற்றும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். அச்சகத்துக்குப் போகும் கோப்பை எப்படியும் ரைட்டரில் ஒழுங்கு செய்யப் போகிறீர்கள் என்பதால் என் எண்ணத்தில் முதல் வழியே உங்களுக்கு நேரம் மிச்சமாக்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. முற்பகுதியை யுனிகோடுக்கு மாற்றி, புதிய பாணியைக் கொடுத்தவுடன் இரு பகுதிகளும் ஒரே அளவில் அமைந்துவிட்டன, உள்தள்ளலும் நேராகிவிட்டது. இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. பக்க எண்ணிக்கையைக் குறைக்க வரி இடைவெளியை 13 புள்ளியாக்கிப் பார்த்தபோது 'கீ', 'தீ' போன்ற எழுத்துகளின் மேற்சுழி திரையில் வெட்டுப்பட்டுத் தெரிகிறது. மேலும், உடுக்குறிகள் இட்ட இடங்களில் அடுத்த பந்தியும் உள்தள்ளியே தொடங்குகிறது, அது முறையா?

மறுமொழி (கொக்குவில், பக்க வடிவமைப்பாளர்)

தமிழ் எழுத்து மேலும் கீழும் இடம் கேட்பது. 'கீ'யின் சுழி மேலே எழும், 'நூ'வின் கால் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளி நமக்குப் போதாது. 13ஐ விட்டுவிடுங்கள், 11 புள்ளி எழுத்துக்கு 16க்குக் கீழே இறங்க வேண்டாம் என்றே சொல்வேன். வயதான வாசகர்களை நினைத்தால் 17 இன்னும் நல்லது. பக்கம் குறைய வேண்டுமென்றால் ஓரங்களைச் சற்றே ஒடுக்கிப் பாருங்கள், ஆனால் நூல் கட்டும் பக்கத்து ஓரத்தைக் குறைக்க வேண்டாம். கட்டியபின் சொற்கள் மடிப்புக்குள் போய்விடும்.

காட்சி முறிவின் பின்னரும் அத்தியாயத் தலைப்பின் பின்னரும் வரும் முதற் பந்தியை உள்தள்ளாமல் விடுவது நூல் வழக்கம். அதற்கு உடற்பகுதிப் பாணியிலிருந்து பிறக்கும் இன்னொரு பாணியை உருவாக்கி, உள்தள்ளலை மட்டும் சுழியாக்குங்கள். உடுக்குறிகளுக்கும் நடுவில் நிற்கும் தனிப் பாணி கொடுத்து, 'அடுத்த பாணி' என்ற இடத்தில் இந்த முதற்பந்திப் பாணியைக் குறித்துவிட்டால், இனி எழுதும் அத்தியாயங்களில் அது தானாக வந்துவிடும்.

அத்துடன், தலைப்புக்கும் உடுக்குறிகளுக்கும் மேலும் கீழும் விடும் இடத்தைத் தலைப்பு வரியின் உயரத்தோடு சேர்த்துக் கூட்டினால் 17இன் மடங்காக வரும்படி வையுங்கள். அப்போது தாளின் முன்பக்க வரிகளும் பின்பக்க வரிகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி நிற்கும்; இல்லாவிட்டால் மெல்லிய தாளில் பின்பக்க வரி இடைவெளிகளில் நிழலாடி வாசிப்புக்கு இடையூறு செய்யும். அச்சகத்துக்கு வேர்ட் கோப்போடு, எழுத்துருக்களை உட்பதித்த பீடிஎஃப் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். அவர்கள் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டாலும் எது எங்கே நிற்க வேண்டுமென்று அதைப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்வார்கள்.