அல்லா பந்த் மேட்டை வெச்சு குஜராத்தோட கச்சு வட்டாரம் முழுக்க நெருக்கப்படுதுன்னு எப்படிச் சொல்றாங்க?

காந்திதாம்வாசி:
மாற்றலாகி இங்க வந்து எட்டு மாசம் ஆச்சு. 1819 ஜூன் 16 நிலநடுக்கத்துல ரண்ங்கிற உப்புச் சதுப்புல ஒரு மேடு எழும்பி ஆத்தையே மறிச்சதாம். மனுஷன் கட்டாத கரைங்கிறதால அதுக்கு ‘அல்லா பந்த்’னு பேர். ஒரு மேட்டை வெச்சு மொத்த வட்டாரத்துக்கும் எப்படிக் கணக்கு சொல்றாங்க?

சேலத்துக்காரன்:
2001 பூஜ் நிலநடுக்கத்துலயும் வயல் பூரா வெடிச்சுக் கிடந்துச்சே. அதை அளந்திருப்பாங்க.

பழைய_சர்வேயர்:
தம்பி, அந்த வெடிப்பை நம்பி நானே ஏமாந்தவன். 2001ல அளவுகோல் தூக்கிட்டு மூணு வாரம் கச்சுல பச்சாவ் ஊர்ப் பக்கம் அலைஞ்சேன். வெடிப்போரம் சாம்பல் நிற மணல் சின்னச் சின்னப் புற்றா குவிஞ்சிருந்தது. குலுக்கல்ல ஈர மண் இளகி, தண்ணியோட பீய்ச்சி அடிச்ச மணல் அது. அடியில இருக்கிற ஃபால்ட், அதாவது பாறை உடைஞ்சு நகர்ற பிளவு, மேல வரவேயில்லை. அதிர்வுமானிகள் வெச்சு, பின்னதிர்வுகள் எந்தச் சாய்தளத்துல வரிசையா விழுதுன்னு பார்த்துதான் கண்டுபிடிச்சாங்க.

அல்லா பந்த் வேற கதை. 80 கிலோமீட்டருக்கு மேல, ஏறக்குறைய கிழக்கு மேற்காப் போகுது. வடபக்கம் சில மீட்டர் உசந்தது, தென்பக்கம் தாழ்ந்தது. அங்க இருந்த சிந்த்ரி கோட்டைக்குள்ள தண்ணி புகுந்து, ஆளுங்க ஒரு கொத்தளத்துல ஏறித் தப்பிச்சாங்க. கிழக்கு மேற்கா மடிப்பு விழுந்தா, நெருக்குறது வடக்கு தெற்கா. இந்தியத் தட்டு ஆசியாவை முட்டுற திசையும் அதுதானே!

காந்திதாம்வாசி:
சார், 2001ல தென்பக்கம்தான் ஏறுச்சுன்னு படிச்சேன். அப்போ தலைகீழா இருக்கே?

பழைய_சர்வேயர்:
நல்ல கேள்வி. 1819 ஃபால்ட் வடக்கே சாயுது, 2001து தெற்கே சாயுது. எது எது மேல ஏறினாலும் வடக்கு தெற்கா நிலத்தோட குறுக்களவு குறையுது பாருங்க, அதைத்தான் கவனிக்கணும். 1956 அஞ்சார் நிலநடுக்கமும் இதே நெருக்கல் ரகம்தான். ஒண்ணை மட்டும் வெச்சு யாரும் சொல்லலை.

இன்னொண்ணு. ஜுராசிக் காலத்துல கச்சு இழுபட்டுப் பிளந்த பள்ளம். அன்னைக்கு எந்தச் சரிவுல பாறை இறங்குச்சோ, பல இடத்துல அதே சரிவுலதான் இப்போ மேல ஏறுது. புதுசா உடைக்கிறதைவிடப் பழைய உடைசல் லேசு.

சேலத்துக்காரன்:
அண்ணே, என் வயல் வெடிப்பை வாபஸ் வாங்கிக்கிறேன்.

பழைய_சர்வேயர்:
வாபஸ் வேணாம். அந்த மணல் புற்றும் சாட்சிதான், வேற வழக்குக்கு.