சென்னை – சிங்கப்பூர்: தப்பாகச் சொன்ன அந்தப் பயண நேரம்

ஊர்க்குருவி:
அம்மாவை முதல்முறையாகத் தனியாக ஏற்றிவிட்டேன். இரவு 11.15க்குக் கிளம்பி, காலை 6க்கு இறங்கும் விமானம். "எவ்வளவு நேரம்டா ஆகும்?" என்றார். டிக்கெட்டைப் பார்த்துக் கழித்து, "ஏழு மணி நேரம்மா, நல்லா தூங்குங்க" என்று சொல்லிவிட்டேன். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் என்பது புத்தியில் உறைக்கவே இல்லை.

அம்மாவின் கைக்கடிகாரத்தில் மூன்றுகூட ஆகவில்லை. காது அடைக்கிறது, இருக்கையை நிமிர்த்தச் சொல்கிறார்கள், விமானம் இறங்குகிறது. பிள்ளை ஆறு மணி என்றானே, ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, பக்கத்தில் இருந்த பெண்ணின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாராம். வெளியே வரும்போதும் மணிக்கட்டில் வளையல் அழுந்திய தடம் இருந்தது என்று அக்கா சொன்னாள். என்னிடம் அம்மா இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடலோரம்:
நான் வேறு மாதிரி ஏமாந்தேன். 2,900 கி.மீ., மணிக்கு 900 வேகம், மூன்றேகால் மணி நேரம் போதும். டிக்கெட்டில் நாலேகால் என்றிருந்தது, தாமதமானாலும் சமாளிக்க விமான நிறுவனங்கள் கூட்டித்தான் போடுவார்கள் என்று நம்பி, அங்கிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குத் தனி டிக்கெட் எடுத்திருந்தேன். தம்பி கல்யாணம். ஓடிப்போய் நின்றபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் அங்கேயே நிற்கிறது, ஏணிப்பாலத்தை விலக்கிக்கொண்டிருந்தார்கள். தாலி கட்டியதை போனில்தான் பார்த்தேன்.

தென்றல்72:
கடலோரம், தூரத்தை வேகத்தால் வகுப்பதே தப்பு. துபாயும் சென்னையிலிருந்து கிட்டத்தட்ட அதே 2,900 கி.மீ.தான். போகும்போது எதிர்காற்று, குளிர்காலத்தில் இன்னும் மோசம். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளும். மனைவிக்கு வலி எடுத்துவிட்டது என்று துபாயிலிருந்து கிளம்பினேன். 25 நிமிடம் முன்னதாகவே தரை தொட்டோம். ஆனால் விமானத்தை நிறுத்த இடம் காலியில்லை. ஜன்னலில் முனையத்தின் விளக்குகள் தெரிகின்றன, கதவு திறக்கவில்லை, அரை மணி நேரம். அதற்குள் மகள் பிறந்துவிட்டாள். கூட்டிப் போட்ட நேரம் உண்மைதான், ஆனால் அது மிச்சமாகும் என்று நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

பயணி:
எனக்கும் ஒருமுறை இணைப்பு விமானம் போனது, அதை விடுங்கள். ஊர்க்குருவி, பெரியவர்களை அனுப்பும்போது புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் கழிக்கவே கழிக்காதீர்கள். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். மொத்தப் பயண நேரம் என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அதைத்தான் சொல்ல வேண்டும். ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள்: உங்கள் கடிகாரத்தில் மூன்றரைக்கு இறங்கும், அதற்கு அரை மணி முன்பே காது அடைக்கும், பயப்பட வேண்டாம். ஊசி, மாத்திரை இருந்தால் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மருத்துவரிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். அப்புறம், இணையத்தில் காட்டும் தூரம் பூமி உருண்டைமேல் இரண்டு நிலையங்களுக்கும் நடுவே உள்ள மிகக் குறுகிய கோடு. விமானம் அதே கோட்டில் போகாது. டிக்கெட்டில் உள்ள நேரமும் இங்கே நகரத் தொடங்கி அங்கே போய் நிற்கும்வரைதான். குடிநுழைவு வரிசை, பெட்டி எல்லாம் அதற்குமேல். தனித்தனி டிக்கெட் என்றால் நடுவில் ஐந்து மணி நேரமாவது விடுங்கள்.

ஊர்க்குருவி:
சரி. அடுத்த மாதம் அம்மா மறுபடி போகிறார். தாள் எழுதியாகிவிட்டது, பெரிய எழுத்தில். இந்த முறை நானும் கூடவே போகிறேன்.