மறுமொழி: 'எத்னோசென்ட்ரிசம்' – 'இனமையவாதம்' போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம். தன் குழுவையே அளவுகோலாக வைத்துப் பிறரை மதிப்பிடும் பார்வையை ஆங்கிலத்தில் 'எத்னோசென்ட்ரிசம்' (ethnocentrism) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் எது என்ற உரையாடலில் வந்த கேள்விகளுக்கு என் மறுமொழி இது.

> 'இனமையவாதம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

வழங்கிவரும் சொல்லைக் கலைக்க எனக்கும் மனம் வருவதில்லை. ஆனால் இந்தச் சொல் மானிடவியல் மாணவரை முதல் நாளிலேயே தவறான பக்கம் திருப்பிவிடுகிறது.

முதலில் 'வாதம்'. வாதம் என்றால் ஒருவர் அறிந்து ஏற்கும் கொள்கை. அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் கிரஹாம் சம்னர் 1906-இல் இக்கருத்தைப் பரவலாக்கியபோது சொன்னது வேறு: தன் குழுவை நடுவில் வைத்து, மற்றவர்களை அதைக்கொண்டே அளந்து தரம்பிரிக்கும் பார்வை. பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் கதை நினைவிருக்கும். இறந்த தந்தையரை உண்ண என்ன விலை கேட்பீர்கள் என்று பாரசீக மன்னர் தாரயவசு (டேரியஸ்) கிரேக்கர்களிடம் கேட்கிறார். எதற்கும் இணங்கமாட்டோம் என்கிறார்கள். இறந்த பெற்றோரை உண்ணும் வழக்கமுடைய கல்லாத்தியர் என்ற இந்தியக் குழுவினரிடம், இறந்த தந்தையரை எரிக்க என்ன விலை என்று கேட்கிறார், அவர்கள் அலறுகிறார்கள். இரு தரப்பிலும் எவரும் கொள்கை பேசவில்லை. அந்தப் பதற்றத்துக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும். (ஐரோப்பாவையே உலகின் அளவுகோலாகக் கொள்ளும் 'ஐரோப்பியமையவாதம்' வேறு, அறிவுத்துறைகளுக்குள் கட்டி எழுப்பப்பட்ட நிலைப்பாடு என்பதால் அங்கே 'வாதம்' பொருந்தும்.)

அடுத்தது 'இனம்'. தமிழில் இது பிறப்பையும் குருதியையும் உடனே இழுத்துவருகிறது. நார்வே மானிடவியலாளர் ஃபிரெட்ரிக் பார்த் 1969-இல் காட்டியதோ இதற்கு எதிரானது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பகுதியில் வாழும் பத்தான்கள் சிலர், தம் குழுவின் எல்லையைக் கடந்து, அண்டைக் குழுவான பலூச்சிகளாகவே ஆகிவிடுகிறார்கள். ஆள் மாறியும் எல்லைக்கோடு அழிவதில்லை. குழுவை நிலைநிறுத்துவது அந்தக் கோடுதான் என்பது அவர் வாதம். சொல்லின் முதல் எழுத்திலேயே பிறப்பை வைத்துவிட்டு இதை எப்படிக் கற்பிப்பது?

என் பரிந்துரை: தம்மவர்மையம். பெயரடையாக, 'தம்மவர்மையப் பார்வை'.

> 'நம்மவர்மையம்' என்றால் எளிதில் புரியுமே?

புரியும். ஆனால் 'நாம்' என்றதும் எழுதுபவரும் ஒரு தரப்பில் சேர்ந்துவிடுகிறார். 'தாம்' எந்தக் குழுவைப் பற்றிப் பேசுகிறோமோ அந்தக் குழுவையே சுட்டும். கிரேக்கருக்கும் பொருந்தும், கல்லாத்தியருக்கும் பொருந்தும். எந்தக் குழுவும் இதற்கு விலக்கில்லை என்ற கருத்து தமிழ் இலக்கணத்திலேயே இப்படி ஆயத்தமாகக் கிடைப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி. 'தன்னினமையநோக்கு' என்று வந்த பரிந்துரையில் 'தன்' அதே வேலையைச் செய்கிறது, இனம்தான் உறுத்துகிறது. அகக்குழு (தாம் சேர்ந்த குழு), புறக்குழு (பிறர் குழு) இரண்டும் நல்ல சொற்கள், அப்படியே இருக்கட்டும்.

ஓர் இடர்ப்பாடு உண்டு. 'ஆய்வாளர் தம் தம்மவர்மையத்தை உணர வேண்டும்' என்று எழுதும்போது 'தம்' இரட்டித்து நாக்கு தடுக்குகிறது. 'தம்மிடமுள்ள தம்மவர்மையம்' என்று மாற்றிப் பார்த்தேன், நிறைவில்லை. வகுப்பில் பாடம் நடத்துபவர்கள் இதை இரண்டு மூன்று வாக்கியங்களில் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.